பலூனில் தொங்கிய கண்

நட்சத்திரங்கள் பிறக்கும் நெபுலாக்களை ஹப்பிளும் வெப்பும் படமெடுப்பது உலகறிந்த செய்தி. அதே நெபுலாக்களின் குளிர்ந்த முகத்தை ஹைதராபாத் பல ஆண்டுகளாகப் பலூன் கட்டிப் பார்த்து வந்திருப்பது பலர் அறியாத செய்தி.

குளிர்கால இரவுகளில், நகரம் தூங்கிய பிறகுதான் அந்த மைதானத்தில் பரபரப்பு தொடங்கும். ஹைதராபாத்தின் வடகிழக்கே, இ.சி.ஐ.எல். நிறுவனம் இருக்கும் பகுதியில் இருக்கிறது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் (டி.ஐ.எஃப்.ஆர்.) பலூன் தளம். தரையில் நீளமாக விரித்துவைத்த பாலிதீன் உறைக்குள் ஹைட்ரஜன் வாயு ஏறும். முதலில் பார்ப்பவர்களுக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். உச்சியில் ஒரு குமிழ், அதன் கீழே துவண்டு தொங்கும் நீண்ட வால், அவ்வளவுதான். தரைக்காற்று அடங்கியிருந்தால் மட்டுமே அதை விடுவிக்க முடியும். கொஞ்சம் வேகமாக வீசினாலும் உறை கிழியலாம். இரவையும் விடியற்காலையையும் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

விடுவித்ததும் பலூன் மேலே போகும். போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், குமிழ் உப்பும். சுமார் 2 மணி நேரத்தில் 30 கி.மீ. உயரத்தை எட்டும்போது அது 50 முதல் 85 மீட்டர் வரை விட்டமுள்ள பெரும் உருண்டையாகியிருக்கும். அதன் அடியில் கயிற்றில் தொங்கும் கருவிதான் விஷயம்.

1990களின் இறுதியில் அப்படித் தொங்கிய கருவி, 100 செ.மீ. குறுக்களவு கொண்ட கண்ணாடி பொருத்திய ஒரு டெலஸ்கோப். டி.ஐ.எஃப்.ஆரிலேயே உருவானது. அதன் குவியத்தில் ஜப்பானிய விஞ்ஞானிகள் தந்த ஒரு நிறமாலைக் கருவி இருந்தது. இரண்டும் சேர்ந்து பறந்த முதல் பயணத்தில் அவை குறிபார்த்தது ஓரியன் நெபுலாவை.

மார்கழி நள்ளிரவில் மொட்டைமாடிக்குப் போகிறவர்கள் அந்த இடத்தை எளிதில் கண்டுபிடிக்கலாம். சிவந்து மின்னும் திருவாதிரைக்குச் சற்றுத் தள்ளி, வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். அவற்றுக்குக் கீழே மங்கலாக, புகை படிந்தாற்போல் ஒரு புள்ளி. அதுதான் பூமியிலிருந்து ஏறக்குறைய 1,350 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஓரியன் நெபுலா. பெரிய நட்சத்திரங்கள் மொத்தமாகப் பிறக்கும் பிரசவ அறைகளில் நமக்கு மிக அருகில் இருப்பது.

வெப்பம் வெளியேறினால்தான் பிறப்பு

நட்சத்திரம் பிறப்பதைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கதை எளிமையானது. வாயுவும் தூசியும் கலந்த ஒரு முகில் தன் எடையாலேயே சுருங்குகிறது. நடுப்பகுதி இறுகிச் சூடேறுகிறது. ஒரு கட்டத்தில் ஹைட்ரஜன் எரியத் தொடங்குகிறது. ஆனால் இந்தக் கதையில் ஒரு முடிச்சு உண்டு. எந்த வாயுவை அமுக்கினாலும் அது சூடாகும். சூடான வாயு விரியப் பார்க்கும். சைக்கிள் பம்பை அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அப்படியானால் முகில் எப்படித் தொடர்ந்து சுருங்குகிறது?

தன் வெப்பத்தை ஏதோ ஒரு வழியில் வெளியே துப்பினால்தான் முடியும். அந்த வழிகளில் முக்கியமானது கார்பன். பக்கத்தில் இருக்கும் இளம் நட்சத்திரங்களின் புறஊதாக் கதிர்கள் பட்டு, முகிலின் மேற்பரப்பில் உள்ள கார்பன் அணு தன் எலக்ட்ரான்களில் ஒன்றை இழக்கிறது. அந்தக் கார்பன் அயனி மற்ற அணுக்களோடு மோதும்போது அவற்றின் சக்தியைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, அதை 158 மைக்ரான் அலைநீளமுள்ள கதிராக வெளியே அனுப்பிவிடுகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். அதாவது, முகிலைக் குளிர்விக்கும் இந்த ஒளி, நாம் காணும் ஒளியைப்போல் 200 மடங்குக்கும் மேல் நீளமான அலை கொண்டது. இதற்குத் தொலை அகச்சிவப்பு என்று பெயர்.

தூசியின் கதையும் இதே திசையில்தான் போகிறது. நெபுலாவின் தூசி கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறிக்கிறது. பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரம் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஆனால் அந்த ஒளியை விழுங்கிய தூசி சும்மா இருப்பதில்லை. மைனஸ் 240 டிகிரி செல்ஷியஸ் போன்ற கடுங்குளிரிலும் அது 100 மைக்ரானை ஒட்டிய அலைகளில் மினுங்கும். கண்ணுக்குத் தெரியும் நெபுலா வாசலில் ஏற்றிய விளக்கு. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தொலை அகச்சிவப்பில் பார்த்தாக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பூமியில் நின்று அதைப் பார்க்க முடியாது. காற்றில் உள்ள நீராவி அந்தக் கதிர்களை வழியிலேயே விழுங்கிவிடுகிறது. எத்தனை உயரமான மலையில் ஏறினாலும் பயனில்லை. 30 கி.மீ. உயரத்துக்குப் போனால், காற்றுமண்டலத்தின் சுமார் 99 சதவீதம் காலுக்குக் கீழே தங்கிவிடும். நீராவி அநேகமாக இல்லை. ராக்கெட்டின் செலவில்லாமல் விண்வெளியின் வாசல்வரை போய்வர பலூன் உதவுகிறது.

குளிர்ச் சுவரைத் தாண்டி

ஹைதராபாத்துக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது தற்செயலாக அல்ல. டி.ஐ.எஃப்.ஆரை நிறுவிய ஹோமி பாபாவுக்குக் காஸ்மிக் கதிர்களில் ஆர்வம். அவற்றை அளக்கக் கருவிகளை உயரே அனுப்ப வேண்டியிருந்தது. ரப்பர் பலூன்களில் தொடங்கிய முயற்சி பிளாஸ்டிக் பலூன்களுக்கு மாறியது. ஹைதராபாத்தில் நிரந்தரத் தளம் 1969-ல் அமைந்தது. பூமியின் காந்தப்புலம் இந்த அட்சரேகையில் சக்தி குறைந்த காஸ்மிக் கதிர்களை மேலேயே தடுத்துவிடுவதால், எக்ஸ்-கதிர்க் கருவிகளுக்கு இங்கே இரைச்சல் குறைவு. தவிர, 17 டிகிரி வடக்கே இருப்பதால், ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சரியாகத் தெரியாத தென்வானத்தின் பெரும்பகுதி ஹைதராபாத்துக்குத் தெரியும். நமது பால்வீதியின் செழிப்பான நெபுலாக்கள் பல அங்கேதான் இருக்கின்றன.

ஆனால் இதே இடத்துக்கு ஒரு சாபமும் உண்டு. வெப்பநாடுகளின் தரையில் புழுங்கினாலும், 16, 17 கி.மீ. உயரத்தில் நிலைமை தலைகீழ். வெப்பநிலை மைனஸ் 80 டிகிரிக்கும் கீழே இறங்கும். குளிர்நாடுகளின் வானில்கூட அந்த அடுக்கு இவ்வளவு குளிர்வதில்லை. மேலைநாட்டு வானத்துக்கென்று செய்யப்பட்ட பாலிதீன் உறைகள் இங்கே அப்பளம்போல் நொறுங்கிவிடும் அபாயம் இருந்தது. எனவே இந்தக் குளிரைத் தாங்கும் பாலிதீன் படலத்தை டி.ஐ.எஃப்.ஆர். தானே உருவாக்க வேண்டியதாயிற்று. பலூன்களும் இங்கேயே தயாராகின்றன. இதுவரை 500-க்கும் மேற்பட்ட பலூன்கள் இந்தத் தளத்திலிருந்து பறந்திருக்கின்றன. அவற்றில் எல்லாமே வானவியலுக்கானவை அல்ல. 2005-ல் பறந்த ஒரு பலூன் மேல்வளிமண்டலக் காற்றைச் சேகரித்து வந்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த மூன்று புதிய பாக்டீரியா இனங்களை 2009-ல் இஸ்ரோ அறிவித்தது.

டெலஸ்கோப்புக்கு வருவோம். கயிற்றில் தொங்கும் ஒரு பொருள் ஆடும், சுழலும். அந்த ஆட்டத்திலும் ஒரு நெபுலாவைக் குறி தவறாமல் பார்க்க வேண்டும். அதற்காக ஒரு வழிகாட்டி நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, அதை ஆதாரமாக வைத்துத் தன் நிலையைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஏற்பாடு அதில் உண்டு. இன்னொரு தொல்லை, வெப்பத்தை அளக்கும் கருவிக்கு எல்லாமே வெப்பமாகத் தெரிவது. வானமும் கண்ணாடியும்கூட ஒளிரும். எனவே டெலஸ்கோப்பின் துணைக்கண்ணாடி நொடிக்கு 10 முறை அசைந்து, நெபுலாவையும் பக்கத்து வெற்று வானத்தையும் மாறி மாறிப் பார்க்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் மிஞ்சுவது நெபுலா. தூசியின் மினுக்கத்தை அளந்த உணர்கருவிகளை ஹீலியம்-3 திரவத்தால் 0.3 கெல்வினுக்குக் குளிர்வித்தார்கள். இயற்கை அனுமதிக்கும் கடைசிக் குளிருக்கு மேல் ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை அது.

எஸ்.கே. கோஷ், ஆர்.பி. வர்மா, தமிழரான டி.என். ரெங்கராஜன், பிறகு டி.கே. ஓஜா, பாஸ்வதி முகர்ஜியா என்று ஒரு விஞ்ஞானிகள் வரிசையே இந்தக் கண்ணின் வழியாக வானத்தைப் பார்த்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதியது. ஜப்பானியக் கருவியோடு பறந்த முதல் பயணத்தில், ஓரியனில் முழுநிலவு அளவு அகலமும் அதில் பாதி உயரமும் கொண்ட ஒரு பரப்பு முழுவதும் 158 மைக்ரான் ஒளியில் வரைபடமாயிற்று. அதன் முடிவுகள் 2003-ல் வெளியாயின. கார்பனின் ஒளி நெபுலாவின் பிரகாசமான மையத்தில் மட்டும் இல்லாமல் பரவலாகப் படர்ந்திருப்பதை அந்தப் படம் காட்டியது. 2021-ல் வெளியான இன்னொரு ஆய்வில் ஆர்.சி.டபிள்யூ. 36 என்ற தென்வானத்து நெபுலா இதே டெலஸ்கோப்பின் கண்ணில் பட்டது.

வானத்தை அளந்த ஊர்

வானத்தை வரைபடமாக்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1901-ல் நவாப் ஜாஃபர் ஜங் தொடங்கி, 1908-ல் நிஜாம் அரசு ஏற்றுக்கொண்ட நிஜாமியா வான் ஆய்வகம், வானம் முழுவதையும் புகைப்படத் தகடுகளில் பதிவுசெய்யும் உலகளாவிய திட்டத்தில் பங்கெடுத்தது. கிரீன்விச், பாரிஸ் போன்ற பெரும் ஆய்வகங்கள் வானத்தைப் பங்குபோட்டுக்கொண்டபோது ஒரு பங்கு ஹைதராபாத்துக்கும் வந்தது. 1918-ல் பொறுப்பேற்ற டி.பி. பாஸ்கரன் என்ற தென்னிந்தியர் அந்தப் பணியைப் பல ஆண்டுகள் நடத்தினார். தகடுகளில் பதிந்த நட்சத்திரங்களை மனிதக் கண்களும் கைகளும் ஒன்றொன்றாக அளந்து எழுதின.

அந்த ஆய்வகத்தில் வேலைபார்த்த ஒருவரின் மகன்தான் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்து நிஜாம் கல்லூரியில் படித்தவர். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே 1949-ல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பின்னாளில் வட ஆற்காட்டுக் காவலூரை உலக வானவியல் வரைபடத்தில் ஏற்றியவர் அவரே. அவர் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் டெலஸ்கோப் 1986 முதல் ஜவ்வாது மலையில் இயங்குகிறது.

தகடுகளில் பதிந்ததெல்லாம் எரிந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்கள். பலூன் தேடிப்போனது இன்னும் எரியத் தொடங்காதவற்றை.

ராட்சதக் கண்கள்

பலூன்கள் பறந்துகொண்டிருந்த காலத்திலேயே விண்வெளியில் போட்டி தொடங்கிவிட்டது. 1983-ல் ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள், வெறும் 57 செ.மீ. கண்ணாடியோடு, சுமார் 10 மாதத்தில் ஏறக்குறைய முழு வானத்தையும் அகச்சிவப்பில் அளந்தது. 1990-ல் சென்ற ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர். 1995-ல் அது எடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள் உலகெங்கும் சுவரொட்டிகளாயின. ஆனால் அந்தத் தூண்கள் ஹப்பிளின் கண்ணுக்கு இருண்டுதான் தெரிந்தன. 2021 டிசம்பர் 25 அன்று கிளம்பிய ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் 2022-ல் அதே இடத்தை அகச்சிவப்பில் பார்த்தபோது, தூண்கள் மெல்லிய திரைபோலாகி, உள்ளே புதிதாய்ப் பிறந்த நட்சத்திரங்கள் சிவப்புப் பொட்டுகளாய்த் தெரிந்தன. ஓரியனில் ஓர் இளம் நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள தட்டில் மெத்தில் அயனியை வெப் கண்டுபிடித்ததாக 2023-ல் அறிவிக்கப்பட்டது. சிக்கலான கார்பன் வேதியியலுக்கு வித்திடும் அந்தப் பொருளை விண்வெளியில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில், 6.5 மீட்டர் கண்ணாடியோடு நிற்கும் வெப்புக்கு முன்னால், கயிற்றில் தொங்கும் ஒரு மீட்டர் டெலஸ்கோப் என்ன செய்துவிடும்? இந்தக் கேள்விக்கு எதிர்பாராத பதில் ஒன்று இருக்கிறது. வெப் 28 மைக்ரானோடு நின்றுவிடுகிறது. 158 மைக்ரான் அதன் கண்ணுக்கே எட்டாது.

தொலை அகச்சிவப்பைப் பார்த்த பெரிய கண்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. 3.5 மீட்டர் கண்ணாடியோடு 2009-ல் போன ஐரோப்பாவின் ஹெர்ஷல், குளிர்விக்கும் ஹீலியம் தீர்ந்து 2013-ல் கண்ணை மூடியது. 2003-ல் போன ஸ்பிட்ஸர் 2020-ல் நிறுத்தப்பட்டது. போயிங் 747 விமானத்தில் பொருத்தப்பட்ட சோஃபியா 2022 செப்டம்பரில் கடைசியாக ஆய்வுக்காகப் பறந்தது.

சோஃபியாவின் சாதனைகளில் ஒன்று, ஹைதராபாத் தொட்ட இடத்தையே இன்னும் விரிவாகத் தொட்டது. ஓரியனின் பெரும்பரப்பை அதே 158 மைக்ரான் ஒளியில் அளந்து 2019-ல் வெளியிட்ட முடிவு விஞ்ஞானிகளை நிமிர்ந்து உட்காரவைத்தது. நெபுலாவின் நடுவில் இருக்கும் பெரிய நட்சத்திரம் ஒன்று வீசும் காற்று, சுற்றியிருக்கும் வாயுவை ஊதித்தள்ளி, சுமார் 13 ஒளியாண்டு குறுக்களவுள்ள குமிழை உண்டாக்கியிருக்கிறது. குமிழின் ஓடு நொடிக்கு 13 கி.மீ. வேகத்தில் விரிந்துகொண்டிருக்கிறது. அந்த எல்லைக்குள் புதிய நட்சத்திரங்கள் பிறக்க வழியில்லை. முதலில் பிறந்த பிள்ளை தொட்டிலை உதைத்துக் கவிழ்த்துவிடுகிறது. ஒரு நெபுலா எத்தனை நட்சத்திரங்களைப் பெறும், எப்போது நிறுத்தும் என்ற கேள்விக்கு இந்த ஒளியில்தான் விடை இருக்கிறது.

அந்த ஒளியைப் பார்க்க விண்வெளியில் இப்போது நிலையான கண் எதுவும் இல்லை. நாசா 2024-ல் இறுதிப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்த இரண்டு திட்டங்களில் ஒன்றான பிரைமா, தேர்வானாலும் 2032-ல்தான் கிளம்பும். எனவே வல்லரசுகளும் மறுபடி பலூனைத்தான் தேடிப் போகின்றன. நாசாவின் கஸ்டோ பலூன் 2023 டிசம்பர் 31 அன்று அண்டார்டிகாவில் கிளம்பி, 57 நாட்களுக்கு மேல் மிதந்தது. அதன் கண்ணாடி 90 செ.மீ. அது தேடியவற்றில் முக்கியமானது கார்பனின் அதே 158 மைக்ரான் ஒளி.

அண்டார்டிகாவின் கோடைக்காற்று பலூனை வட்டமாகச் சுற்றவைப்பதால் வாரக்கணக்கில் பறக்க முடிகிறது. ஹைதராபாத்தில் சில மணி நேரமே. அதற்குள் பலூன் ரேடியோத் தொடர்பின் எல்லையை நெருங்கிவிடும். கூர்மையும் குறைவு. ஹைதராபாத் டெலஸ்கோப்பின் ஒரு புள்ளி என்பது முழுநிலவின் அகலத்தில் 20-ல் ஒரு பங்கு; அதற்குள் இருக்கும் நுணுக்கமெல்லாம் கலங்கிவிடும். இவை உண்மையான குறைகள். ஆனால் விண்வெளிக்குப் போன டெலஸ்கோப்பைத் திருப்பிக் கொண்டுவந்து பழுதுபார்த்து, புதிய கருவி மாட்டி மறுபடி அனுப்ப முடியாது. பலூனில் அது முடியும். இளம் விஞ்ஞானி ஒருவர் தன் கையால் செய்த கருவியைத் தானே அனுப்பி, தானே திரும்பப் பெறும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. 2015-ல் இஸ்ரோ ஏவிய ஆஸ்ட்ரோசாட்டின் எக்ஸ்-கதிர்க் கருவிகளில் ஒன்றுக்கு முன்னோடி, ஹைதராபாத் பலூன்களில் பறந்து பழகிய டி.ஐ.எஃப்.ஆர். உணர்கருவிகள்தான். எக்ஸ்-கதிரில் இந்தியா பலூனிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறிவிட்டது. தொலை அகச்சிவப்பில் அந்தப் படி இன்னும் ஏறப்படவில்லை. வானத்தில் அந்த நாற்காலி காலியாக இருக்கும் காலம் இது.

வயலில் இறங்கும் வானம்

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு முடிவு உண்டு. தரையிலிருந்து ரேடியோக் கட்டளை போகும். பலூனுக்கும் கருவிக்குமான பிணைப்பு அறுபடும். பெரிய வண்ணப் பாராசூட் விரிந்து, டெலஸ்கோப் மெல்ல இறங்கத் தொடங்கும். எங்கே இறங்கும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். தெலங்கானாவின் பருத்தி வயலாக இருக்கலாம். கர்நாடகத்தின் ஒரு கரும்புத் தோட்டமாகவும் இருக்கலாம்.

அதற்காகவே ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் அறிவிப்பு ஒன்று வெளியாகும். பாராசூட்டோடு இறங்கும் பெட்டிகளைத் தொடாதீர்கள், பிரிக்காதீர்கள். சிலவற்றில் உயர் மின்னழுத்தம் இருக்கக்கூடும். அருகில் உள்ள காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். தகவல் தருவோருக்குத் தக்க வெகுமதி உண்டு. இத்தனை சொல்லியும் வதந்திக்குப் பஞ்சமில்லை. 2022 டிசம்பரில், ஹைதராபாத்திலிருந்து பறந்த ஸ்பெயின் நிறுவனம் ஒன்றின் சோதனைக் கலம் விகாராபாத் மாவட்டத்தில் வயலில் இறங்கியபோது, வேற்றுக்கிரகவாசிகள் வந்துவிட்டார்களோ என்று கிராமமே திரண்டது.

டெலஸ்கோப்பைத் தேடிக்கொண்டு மீட்புக் குழு லாரியோடு வந்து சேரும்வரை, ஓரியனைப் பார்த்துவிட்டு வந்த அந்தக் கண்ணாடி வரப்பில் சாய்ந்து கிடக்கும். காவலுக்கு ஊர்க்காரர்கள் சிலர் நிற்பார்கள். கண்ணாடி தப்பியதா, உணர்கருவி பிழைத்ததா என்று பார்த்து, துடைத்து, லாரியில் ஏற்றி எடுத்துப்போவார்கள். அடுத்த குளிர்காலத்தில் அதே டெலஸ்கோப் மறுபடி மேலே போகலாம்.